மிஞ்சிப் போச்சு

2025 ஆகஸ்ட் கடைசியில் 18 வயது நிரம்பிய மலேசியர் எல்லாருக்கும் மைகாட்டில் (அடையாள அட்டையில்) 100 வெள்ளி (ரிங்கிட்) சாரா என்ற அரசாங்க உதவித்தொகை போட்டார்களே, அந்த வாரம் எங்கள் ஊர்க் கடையில் வரிசை வாசல் லொங்காங் (சாக்கடை) வரைக்கும் நின்றது. எங்கள் ஊர் என்றால் பெஸ்தாரி ஜெயா. 2007-ல் பெயரை மாற்றினார்கள், ஆனாலும் தோட்டத்துப் பழைய ஆட்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

எனக்கு முன்னால் ஒரு பாட்டி. அரிசி, எண்ணெய், முட்டை எல்லாம் மைகாட்டில் போய்விட்டது. ஒரு பாக்கெட் கற்பூரமும் இரண்டு கட்டு ஊதுபத்தியும் மட்டும் போகவில்லை. அந்தக் காசில் அடிப்படைப் பொருள்கள்தான் வாங்க முடிந்தது, அதற்கென்று 14 வகை வைத்திருந்தார்கள், சாமி சாமான் அதில் வரவில்லை. (அந்தப் பாட்டியைக் கேட்டு எழுதியிருந்தால் பட்டியலில் முதலில் கற்பூரம்தான் இருந்திருக்கும்.) கல்லாவில் இருந்த பெண் சொன்னதும் பாட்டி சுருக்குப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கற்பூரத்தை மெதுவாக ஓரம் தள்ளினார். ஏழு வெள்ளி சொச்சம். என் சாமானோடு சேர்த்துப் போடச் சொல்லிவிட்டு, எடுத்து அவர் கையில் கொடுத்தேன். நடந்தது அவ்வளவுதான்.

இரண்டு வாரம் கழித்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அதே பாட்டி எதிரே வந்தார். என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு அப்பம் பாலிக் கடைப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஒரு சிரிப்புக்கூடவா வராது? ஏழு வெள்ளியைக் கொடுத்துவிட்டு, வரவேண்டிய ஒரு சிரிப்பை மனசுக்குள் கணக்கு வைத்துக்கொண்டு பதினைந்து நாளாகத் திரிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. மோட்டாரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், அவர் என்னை மறந்திருக்கவே மாட்டார், ஞாபகம் இருந்ததால்தான் அந்தப் பக்கம் திரும்பினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருத்தனிடம் கற்பூரம் வாங்கிக்கொள்ள வேண்டி வந்தவர், அவனை மறுபடி பார்த்ததும் வேறென்ன செய்வார்? நான் கொடுத்த விதம் சரியில்லை. அம்மாவாக இருந்தால் இப்படிக் கொடுத்திருக்க மாட்டார்.

அம்மாவுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய மொய் நோட்டு இன்னும் என் அலமாரியில் இருக்கிறது, மேட்டு லயத்துக் கல்யாணம் 5 வெள்ளி, சடங்கு 3 வெள்ளி என்று பென்சிலில் எழுதியது (லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள்). அதற்குமேல் ஒரு வெள்ளியாவது கூட்டித்தான் திருப்பிச் செய்வார், அதில் விட்டுக்கொடுத்ததே கிடையாது. ஆனால் நோட்டில் ஏறாத கணக்கு ஒன்று இருந்தது. அது எனக்கே அம்மாவின் காரியத்தன்றுதான் தெரிய வந்தது.

இப்போது செம்பனையாக நிற்கிற இடமெல்லாம் அப்போது ரப்பர். அம்மா பால் வெட்டுக்குப் போனார். வெயில் ஏறினால் பால் இறங்குவது குறைந்துவிடும், அதனால் இருட்டோடு பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தனக்கென்று ஒதுக்கிய மர வரிசையான நிரையில் இறங்க வேண்டும். பக்கத்து நிரையில் வெட்டிய அக்கா பிள்ளைத்தாய்ச்சி, மாசம் ஏற ஏறக் குனிந்து வெட்ட முடியவில்லை. அம்மா தன் மரங்களை அவசரமாக முடித்துவிட்டு, அந்த அக்காவின் நிரையில் கடைசி மரத்திலிருந்து வெட்டிக்கொண்டே எதிரே வருவாராம். பால் அந்த அக்கா பேரில்தான் நிறுவையில் ஏறும். ஏன் இப்படி என்று கேட்டால், "நீ முடிச்சாத்தானே சேர்ந்து வீட்டுக்குப் போகலாம், எனக்குத் தனியாப் போகப் பயமா இருக்கு" என்பாராம். அம்மாவுக்கா பயம்! பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் மலைப்பாம்பை விரட்டியவர். அந்த அக்கா இதைச் சொல்லிவிட்டு, "பொய்யின்னு எனக்குத் தெரியும் தம்பி, ஆனா அந்தப் பொய்க்காகத்தான் வெட்ட விட்டேன்" என்றார்.

வீட்டில் அம்மா சொல்லும் பொய் வேறு. "மிஞ்சிப் போச்சு." கிண்ணத்தில் சாம்பாரோ நெத்திலிச் சம்பலோ எடுத்துக்கொண்டு பக்கத்து லயத்துக்குப் போவார். "மிஞ்சிப் போச்சுடி, கொட்டினா பாவம், நீ எடுத்துக்கயேன்." நாங்கள் ஆறு பேர் இருந்த வீட்டில் எது மிஞ்சும்? சட்டியை வழித்துச் சாப்பிட்ட வீடு அது. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னதும், வாங்குகிறவர்தான் அம்மாவுக்கு ஏதோ ஒத்தாசை செய்வது மாதிரி ஆகிவிடும். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும், கதை முடிந்தது.

2021 ஜூன் கடைசியில், நடமாட்டக் கட்டுப்பாட்டில் எல்லாரும் அடைந்து கிடந்தபோது, வெள்ளைக்கொடி இயக்கம் வந்தது. சாப்பாட்டுக்கு இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைத் துணி கட்டுங்கள், பார்க்கிறவர்கள் உதவட்டும் என்று நாடு முழுக்கப் பரவியது. எத்தனையோ குடும்பம் அதனால் சாப்பிட்டது, இனம் பார்க்காமல் கொடுத்தார்கள், குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஒரு கொடிகூட ஏறவில்லை. எல்லார் வீட்டிலும் அரிசி இருந்தது என்று அர்த்தமில்லை. மூன்றாவது வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர், பல மாதமாக ஓட்டம் இல்லை. அம்மாவுக்கு அப்போது 76 வயது. முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி அவர் வீட்டு கேட்டில் போய் நின்று என்னைத் திட்ட ஆரம்பித்தார். "இந்தக் கூறுகெட்டவன் தெரியாம ரெண்டு மூட்டை அரிசி வாங்கிட்டான் தம்பி, வண்டு புடிச்சிடும், ஒண்ணை எடுத்துக்கயேன்." நான் வாங்கியதே ஒரு மூட்டைதான். அதைத் தோளில் சுமந்துகொண்டு நானே பின்னால் நிற்கிறேன். முகத்தைக் கூறுகெட்டவன் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. அதை நன்றாகவே செய்தேன் என்று நினைக்கிறேன்.

(தீபாவளிக்கு அன்பளிப்புப் பை கொடுக்கும்போது கிழவிகளை வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கிறார்களே, அதைப் பற்றிப் பேசினால் இன்னொரு பதிவு ஆகிவிடும். விடுங்கள்.)

போன மாதம் என் மனைவி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். நானும் பையனும் மெகி மீயில் ஓட்டிக்கொண்டிருந்தோம், யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாயந்திரம் எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) கேட்டைத் தட்டினார். கையில் மூடி போட்ட பாத்திரம். "மக்சிக் தெர்லெபி மாசாக்லா" என்றார், அதிகமாகச் சமைத்துவிட்டாராம். வாங்கும்போதே அடிப்பக்கம் கை சுட்டது. மூடியைத் திறந்தால் கரண்டியே படாத சோறு, ஆவி பறக்கிறது, மேலே கோழி, சரியாக இரண்டு பேருக்கு.

நான் முகத்தைக் கூறுகெட்டவன் மாதிரி வைத்துக்கொண்டு, "ஆமாம் மக்சிக், கொட்டினால் பாவம்தான்" என்று மலாயில் சொல்லி வாங்கிக்கொண்டேன்.