ஹெவி டியூட்டி பிக்கப்: டயர் காற்று எப்போதும் 80 வேண்டாம்

அமெரிக்காவில் முக்கால் டன், ஒரு டன் எனப்படும் கனரகப் பிக்கப் ஓட்டுகிறீர்கள் என்றால், ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள். பின் டயருக்கு 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரைகூடப் போட்டிருக்கும். அது முழுப் பாரத்துக்கான கணக்கு.

எல்டி275/70ஆர்18 அளவில், லோட் ரேஞ்ச் இ (அதிகப் பாரம் தாங்கும் வகை) டயரை எடுத்துக்கொள்வோம். பாரம் தாங்கும் திறனைக் குறிக்கும் லோட் இண்டெக்ஸ் எண் 125. அதாவது 80 பிஎஸ்ஐயில் ஒரு டயர் 1650 கிலோ தாங்கும். டிரெய்லர் மாட்டியபின் பின் அச்சில் 2700 கிலோ என்றால் டயருக்கு 1350. ஸ்டிக்கர் அளவிலேயே வையுங்கள். வெறும் வண்டியில் பின் அச்சு 1300 கிலோதான் என்றால் டயருக்கு 650. அதற்கும் 80 வைத்தால் நடுப்பட்டை மட்டும் தேயும், பின்பக்கம் குதிக்கும், ஈரச் சாலையில் பிடிமானம் குறையும்.

எடையை ஊகிக்காதீர்கள். லாரி நிறுத்தங்களிலுள்ள எடைமேடையில் அச்சுவாரியாக எடை போட்டு, டயர் கம்பெனியின் பாரம்-காற்று அட்டவணையைப் பார்த்து, கொஞ்சம் கூட்டியே வையுங்கள். டீசல் எஞ்சின் கனம், அதனால் முன்பக்கத்தில் ரொம்பக் குறைக்க முடியாது. சரிபார்க்கச் சாக்பீஸ் போதும்: டயரின் குறுக்கே கோடு போட்டு நேராகக் கொஞ்சதூரம் ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

அளப்பது காலையில், டயர் ஆறியிருக்கும்போது. ஓடிச் சூடான டயரில் ஏறிய அழுத்தத்தை இறக்கிவிடாதீர்கள், ஆறினால் பற்றாக்குறையாகிவிடும். வெறும் வண்டிக்காகக் குறைத்த காற்றை இழுவைக்கு முன் திரும்ப ஏற்ற மறந்தால் பக்கச்சுவர் மடிந்து சூடேறி வெடிக்கலாம். குறைத்து ஓட்டினால் டிபிஎம்எஸ் (டயர் அழுத்த எச்சரிக்கை) விளக்கு எரியலாம், அது வேறு தொல்லை.