விழுங்கப்படாத ஒளி

2025 ஜூன் 9

ஸ்லோன் வான் ஆய்வு என்ற தொலைநோக்கித் திட்டம் எடுத்த நிறமாலைகளை, அதாவது ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த வரைபடங்களை, யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். செம்பெயர்ச்சி 3 உள்ள குவேசார் (வெகு தொலைவில் மிகப் பிரகாசமாக ஒளிரும் விண்மீன் மண்டல மையம்) ஒன்றை எடுத்தேன். செம்பெயர்ச்சி என்பது வரும் வழியில் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்பதன் அளவு; அதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மடங்கு என்று வரும். ஹைட்ரஜன் அணு ஒளியை உமிழும், உறிஞ்சும் அலைநீளங்களில் ஒன்றான லைமன் ஆல்ஃபா கோடு புற ஊதாவில், 121.6 நானோமீட்டரில் இருக்க வேண்டியது. இங்கே நான்கு மடங்கு நீண்டு 486-இல் ஓங்கி நிற்கிறது. (கல்லூரி ஆய்வகத்து ஹைட்ரஜன் விளக்கின் நீலப்பச்சைக் கோடும் அதே 486-தான். தற்செயல் அல்ல, நீல்ஸ் போர் தந்த ஹைட்ரஜன் அணுச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால் சரியாக நான்கு மடங்கு வரும்.) சிகரத்துக்கு வலப்புறம் ஏறக்குறைய சமம். இடப்புறமோ ரம்பப் பல்லாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது.

ஜூன் 10

இந்த வெட்டுகளின் கூட்டத்துக்குத்தான் லைமன் ஆல்ஃபா காடு என்று பெயர். ரோஜர் லிண்ட்ஸ் 1971-இல் கவனித்தது. பிரபஞ்சம் விரிவதால் வரும் வழியெல்லாம் ஒளியின் அலைநீளம் கூடிக்கொண்டே போகிறது. அது 121.6-ஐத் தொடும் இடத்தில் ஹைட்ரஜன் இருந்தால் அங்கேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. 440-இல் இருக்கும் ஆழமான வெட்டுக்குக் கணக்குப் போட்டேன்: செம்பெயர்ச்சி 2.62.

பிறகு ஓர் ஆசையில் வலப்புறமும் தேடினேன். அதே 2.62-க்கு உரிய இடத்தில், 560-இலும் 561-இலும், மெல்லிய இரட்டைக் கோடு. இடப்பக்கத்தது கூடுதல் ஆழம். மூன்று எலெக்ட்ரான்களை இழந்த கார்பன்! கார்பன் விண்மீன்களுக்குள் உருவாவது. அத்தனை காலத்துக்கு முன்பே யாரோ சமைத்து வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

ஜூன் 12

மாலை முழுவதும் மின்வெட்டு.

ஜூன் 13

எல்லோரும் வெட்டுகளைப் பற்றியே பேசுகிறார்கள். வெட்டுகளுக்கு நடுவே ஒளி மிச்சம் இருக்கிறதே, எனக்கு அதுதான் வியப்பு. 1965-இல் ஜேம்ஸ் கன், புரூஸ் பீட்டர்சன் இருவரும் 3சி 9 என்ற குவேசாரை வைத்துக் கேட்ட கேள்வியும் இதுவே. விண்மீன் மண்டலங்களுக்கு இடையே இருக்கும் ஹைட்ரஜனில் பத்தாயிரத்தில் ஓர் அணு நடுநிலையாக, அதாவது எலெக்ட்ரானை இழக்காமல், இருந்தாலே போதும், சிகரத்தின் இடப்புறம் முழு இருட்டாகிவிடும். அப்படி ஆகவில்லை. அதாவது அந்த வாயு அநேகமாக முழுவதும் எலெக்ட்ரானை இழந்து நிற்கிறது. இழக்க வைத்தது குவேசார்களும் இளம் விண்மீன்களும் உமிழும் புற ஊதாக் கதிர். காட்டில் நாம் காண்பது மிஞ்சிய சொற்ப நடுநிலை அணுக்களை மட்டுமே.

ஜூன் 15

அந்த இருட்டும் கிடைத்துவிட்டது. 2001-இல் ராபர்ட் பெக்கர் குழு செம்பெயர்ச்சி 6.28 குவேசாரில் கண்டது. இன்று அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தேன். சிகரத்தை ஒட்டிய இடப்புறத்தில் ஒரு நீண்ட பகுதி, ஒளியே இல்லை என்று காட்டும் பூஜ்யக் கோட்டோடு படிந்து கிடக்கிறது. 'பிரபஞ்சம் அப்போது நடுநிலை ஹைட்ரஜனால் நிறைந்திருந்தது' என்று இதை வைத்தே எழுதிவிடுகிறார்கள். அவசரம். பத்தாயிரத்தில் ஒன்றுக்கே இருண்டுவிடும் கோடு, பத்தில் ஒன்றையும் முழுமையையும் எப்படிப் பிரித்துக் காட்டும்? அதற்கு இதைவிட மந்தமாக உறிஞ்சும் வேறு கோடு வேண்டும்.