மாரிக்கு முன் பற்றரி கழற்றும் நாள்

ஐப்பசி பிறந்து வானம் இருண்டதும் எங்கள் காரின் பற்றரியைக் கழற்றிவிடுவேன். பெரும்போக நெல் வேளாண்மை தொடங்கினால் நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், வயல் வாடியில் (குடிசையில்)தான். குருமண்வெளித் துறையைத் தாண்டி மண்டூர்ப் பக்கம் போனால் இலகுவில் வீடு திரும்ப முடியாது. கார் களுவாஞ்சிக்குடியில், கொட்டிலுக்குள் தை வரை சும்மா நிற்கும்.

முன்பெல்லாம் அப்படியே விட்டுவிட்டுத்தான் போவேன். மூன்று வருடத்துக்கு முன், பொங்கல் கழிந்த ஓர் இரவு அம்மாவுக்கு மூச்சு முட்டியது. காரை ஸ்டார்ட் செய்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் ஆசுபத்திரிக்குப் போனோம். அம்மா தேறி வந்த பிறகுதான் மீற்றர் வைத்துப் பார்த்தேன். 11 வோல்ற்றுக்கூட இல்லை. கார் நின்றாலும் மணிக்கூடும் அலாரமும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். எங்கள் வெக்கையில் பற்றரி தானாகவும் இறங்கும். இறங்கியபடியே கிடந்தால் ஈயத் தகடுகளில் வெள்ளைப் படிகம் இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏறாது. புதிது வாங்கினேன்.

கழற்றும்போது முதலில் கறுப்பு (−) வயர். இதை மாற்றவே கூடாது. கறுப்பு பூட்டியிருக்க, சிவப்பைக் (+) கழற்றும் பத்தாம் நம்பர் சாவி (ஸ்பனர்) தவறிக் காரின் இரும்பில் பட்டால் பொறி பறக்கும். பூட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பதை, அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீர் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். நுரைத்துப் பொங்கிக் கழன்று வரும், கீழே ஈயம் மினுங்கும். சோடாத் தண்ணீர் உள்ளே போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் வாசலின். நல்ல சாரம் உடுத்திக்கொண்டு இந்த வேலைக்கு நிற்காதீர்கள். அமிலம் ஒரு சொட்டுப் பட்ட இடம் அடுத்த முறை தோய்க்கும்போது ஓட்டையாகிவிடும்.

வைப்பது விறாந்தையில், இடுப்பளவு உயரப் பலகையில். சீமெந்துத் தரை சார்ஜை இழுக்கும் என்பார்கள். இப்போதைய பிளாஸ்ரிக் பெட்டிக்கு அது பொருந்தாது. நான் உயர்த்துவது வெள்ளத்துக்காக. 2011 தை மாத வெள்ளம் முற்றம் தாண்டி வந்ததைக் கண்டவன். ஒருமுறை குசினிக்குள் கொண்டுபோனபோது அம்மா, "அடுப்படியில வேணாம் மனே" என்றார். சரியான பேச்சு. சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வரும். பக்கத்தில் நெருப்பு ஆகாது.

கனடாவில் இருக்கும் தம்பியும் மார்கழியில் கழற்றுகிறான். அங்கே காரணம் குளிர். முழுச் சார்ஜில் இருந்தால் −40 பாகையிலும் உறையாது. இறங்கிய பற்றரி சுழியத்துக்குச் சற்றுக் கீழேயே உறைந்து, பெட்டி பிளந்துவிடும்.

மாதம் ஒருமுறை, வயலால் வரும்போது மீற்றர் வைப்பேன். 12.6 வோல்ற் இருந்தால் நிறைவு. 12.4க்கு இறங்கினால் அன்றைக்கே சார்ஜர். 45 ஆம்பியர் மணிப் பற்றரிக்கு 4 ஆம்பியர் போதும். தகடு வெளியே தெரிந்தால் பற்றரித் தண்ணி (காய்ச்சி வடித்த நீர்) மட்டும்தான், கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

பத்தாம் நம்பர் சாவி பலகைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. எந்த வயர் முதலில் என்று பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். நான் வாடியில் நிற்கும் இரவில் அம்மாவுக்கு ஏதும் என்றால், அவன் பத்து நிமிடத்தில் பூட்டிவிடுவான்.