ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒன்பது முடிச்சு

அம்மாவுக்குத் தலைதிவசம் கொடுத்து முடித்து, ஆவணி பிறந்த இரண்டாவது செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தோம். அப்பா, அக்கா குடும்பம், நாங்கள், தம்பி குடும்பம் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று பேர். எங்களுக்குக் குலதெய்வம் அதுதான், ஆனாலும் எல்லோரும் ஒரே வண்டியில் போய் இருபது வருஷம் ஆகிவிட்டது. 2004-ல் என் பெரியவனுக்கு மொட்டை போட்டுக் காது குத்தப் போனதுதான் கடைசி. அப்புறம் தம்பி துபாய் போய்விட்டான், அவன் லீவில் வந்தால் அக்கா பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும், அவர்களுக்கு முடிந்தால் எனக்குச் சென்னையில் லீவு கிடைக்காது, இப்படியே தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.

மன்னார்குடி வீட்டில் சாமி அலமாரியைச் சுத்தம் பண்ணும்போது தம்பி மனைவிதான் அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்தாள். வைத்தியநாதர் படத்துக்குப் பின்னால் இருந்ததாம். உள்ளே மஞ்சள் துணி முடிச்சுகள், எண்ணிப் பார்த்தால் ஒன்பது. சீட்டு இல்லை, பேர் இல்லை, தேதி இல்லை. எது யாருக்கு என்பது அம்மாவுக்குத் தெரியும், அந்தக் கோயில் அம்பாள் தையல்நாயகிக்குத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அம்மா முதலில் காசை முடிந்து வைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் செருப்பை மாட்டுவாள். உடம்பு சரியானதும், போய்ப் போட்டுவிட்டு வந்துவிடலாமே அம்மா என்றால், "எல்லாரும் சேர்ந்து போறப்பப் போடுவோம், அவன் எங்கே போயிடப் போறான்" என்பாள். அவன் எங்கும் போகவில்லை. நாங்கள்தான் சேரவில்லை. 2021 சித்திரையில் கும்பாபிஷேகம் நடந்தபோது கொரோனா, பக்தர்களை விடவில்லை, அம்மா அன்றைக்கு வீட்டு விளக்கை ஏற்றிவைத்துவிட்டு அதற்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் முட்டிவலி, அதற்கப்புறம் அவளைக் கொண்டுபோன அந்த வியாதி.

கிளம்புவதற்கு முந்தைய நாள் ராத்திரி கூடத்தில் பாய் விரித்து, ஒன்பது முடிச்சையும் நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். முடிச்சை அவிழ்க்கக் கூடாது, அது எங்களுக்குத் தெரியும். விரலால் தடவிப் பார்த்தோம். நான்கில் பெரிய காசு ஒன்றும் சின்னது ஒன்றும் தட்டுப்பட்டன. ஒன்றேகால் ரூபாய். அப்படியானால் அவை 2011-க்கு முந்தியவை, ஏனென்றால் அந்த வருஷம் ஜூன் மாதத்தோடு நாலணா செல்லாமல் போனது, அதற்குப் பிறகு அம்மா பதினோரு ரூபாய்தான் முடிவாள். மற்ற ஐந்தும் அந்தப் பதினோரு ரூபாய்.

இதை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்த ஆரம்பித்தோம். 2006-ல் தம்பி காலேஜில் படிக்கும்போது மஞ்சள் காமாலை வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடந்தானே, அது ஒன்று. அக்காவுக்கு இரண்டாவது பிரசவம் சிக்கலாகி விடிய விடிய நின்றோமே, அது ஒன்று. என் வீட்டுக்காரர் 2009-ல் பைக்கில் போய் விழுந்தது. அப்பாயிக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் அப்பாவுக்கு 2013-ல் பைபாஸ், அக்கா மகனுக்கு டெங்கு, எனக்குக் கர்ப்பப்பை எடுத்தது, தம்பிக்குக் கொரோனா. பேசப் பேச மறந்தே போனதெல்லாம் வந்தது. டெங்கு சமயத்தில் அம்மா தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் பதினோரு நாள் படுத்துக் கிடந்ததை அக்கா சொன்னாள். நான் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது முதலில் தெரிந்தது அம்மா கையில் இருந்த விபூதிப் பொட்டலம்தான் என்று நான் சொன்னேன். தம்பி எதுவும் சொல்லவில்லை, அவனுடைய காமாலை முடிச்சை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டே இருந்தான். ராத்திரி ஒன்றரை மணி ஆகிவிட்டது. நாங்கள் மூவரும் அப்படிச் சேர்ந்து உட்கார்ந்து பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

எட்டுக்குக் கணக்கு வந்துவிட்டது. ஒன்பதாவதுதான் புரியவில்லை. அதில் பதினோரு ரூபாய் இருந்தது, ஆனால் துணி வேறு. கடையில் வாங்கிய மஞ்சள் துணி இல்லை, ஏதோ வெள்ளைத் துணியை மஞ்சளில் நனைத்தது, ஓரத்தில் பச்சைக் கரை தெரிந்தது, மஞ்சளும் திட்டுத் திட்டாகப் பிடித்திருந்தது. முடிச்சு நெல் மூட்டையைக் கட்டுகிற மாதிரி இறுக்கியிருந்தது. அம்மா முடிச்சு அப்படி இருக்காது. அப்பா ஈஸிசேரில் சாய்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கவில்லை, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

காலையில் நான்கரைக்கு வேனில் கிளம்பினோம். திருவாரூர், பூந்தோட்டம், பேரளம், மயிலாடுதுறை என்று போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். அம்மா இருந்திருந்தால் கையில் நாரத்தங்காய் இருந்திருக்கும். செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டத்தைச் சொல்லி முடியாது, அங்காரகனுக்கு வந்தவர்களே பாதித் தெரு நிறைய நின்றார்கள். வேன் நிற்பதற்கு முன்னாலேயே ஒரு ஆள் ஜன்னலைத் தட்டி, நாடி பார்க்கணுமா, கட்டைவிரல் ரேகை கொடுத்தால் போதும், உங்க ஓலை எடுத்துத் தர்றேன் என்று ஆரம்பித்துவிட்டான். வேண்டாம் என்றதும் போனவன், இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்து, "பெரியவருக்கு ஒரு கண்டம் இருக்கு" என்றான். எழுபத்தெட்டு வயது மனுஷர், மனைவி போய் ஒரு வருஷம்தான் ஆகிறது, கோயில் வாசலில் வைத்து அவரிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. மாப்பிள்ளை சத்தம் போட்ட பிறகுதான் கையை விட்டான். அர்ச்சனைத் தட்டு வாங்கிய கடையிலும் உப்பு மிளகுப் பொட்டலம், விளக்கு, வெள்ளி உரு என்று கேட்காததை எல்லாம் தட்டில் அடுக்கி நானூறு ரூபாய் என்றார்கள். நம்பி வருகிறவர்களிடம் இப்படிச் செய்யாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கத் தோன்றுகிறது.

தம்பி முதலில் மொட்டை போட்டுக்கொண்டான். காமாலைக்கு அம்மா வேண்டிக்கொண்ட மொட்டை, பதினெட்டு வருஷம் கழித்து. குளத்தில் பிள்ளைகள் வெல்லம் கரைத்தார்கள். அப்புறம் வரிசை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. சிறப்பு தரிசனச் சீட்டு வாங்கி வருகிறேன் என்று தம்பி எவ்வளவோ சொன்னான், "உங்கம்மா எப்பவும் இதுலதான் நிப்பா" என்று அப்பா நகரவே இல்லை. நடுவில் ஒரு அம்மா, யாரென்றே தெரியாது, தன் மகனை எழுப்பிவிட்டு அப்பாவைத் திண்டில் உட்காரவைத்து விசிறினார். அவருக்கு என்ன வேண்டுதலோ, அது நடக்கட்டும்.

வைத்தியநாதரைப் பார்த்தது ஒரு நிமிஷம் இருக்குமா, தெரியாது. தீபம் மேலே போனது, கண் நிறைந்துவிட்டது, தள்ளிவிட்டார்கள். முத்துக்குமாரசுவாமியைச் சேவித்துவிட்டு அம்பாள் சன்னதிக்கு வந்தோம். அங்கே என்னமோ கூட்டம் சட்டென்று வடிந்த மாதிரி இருந்தது. கையில் தைலப் பாத்திரத்தோடு தாய் நிற்கிறாள், பச்சைப் பட்டு, மூக்குத்தி மின்னுகிறது.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேர் நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

எங்கள் மூன்று பேருக்கும் வாய் அடைத்துவிட்டது. இத்தனை வருஷமும் அம்மாதான் சொல்வாள். பதின்மூன்று பேர் நட்சத்திரமும் அவளுக்கு ஒரே மூச்சில் வரும். எனக்கு என் பிள்ளைகள் நட்சத்திரம் தெரியும், அக்கா பிள்ளைகளுடையது தெரியாது. தம்பி அவன் மனைவி முகத்தைப் பார்க்கிறான். அக்கா ஏதோ ஆரம்பித்து, மூலமா பூராடமா என்று நிறுத்திவிட்டாள். பின்னால் ஆட்கள் நெருக்குகிறார்கள்.

அப்போது அப்பா சொல்ல ஆரம்பித்தார். தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. பெரியவள் பேர், உத்திரட்டாதி. மாப்பிள்ளை, கேட்டை. பேரன், பூராடம். பேத்தி, சித்திரை. அடுத்து நான், என் வீட்டுக்காரர், என் பிள்ளைகள். அடுத்து தம்பி வீடு. கோயில் விஷயம் எல்லாம் உங்கம்மா டிபார்ட்மெண்ட் என்று ஒதுங்கியே இருந்தவர், எந்தக் கோயிலுக்குப் போனாலும் பின்னால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றவர், அம்மா எந்த வரிசையில் சொல்வாளோ அதே வரிசையில், அவள் மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு விட்டு, ஒருத்தரையும் விடாமல் சொன்னார். ஐம்பத்தோரு வருஷம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். கடைசியில் தன் பேரைச் சொல்லி, மகம் என்றார். அதோடு நிற்கவில்லை. அம்மா பேரையும் சொல்லி, "ரோகிணி" என்றார்.

குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். எங்களைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அப்பா கண்ணைத் திறந்து, "பழக்கத்துல வந்துடுச்சு சாமி" என்றார், அவ்வளவு மெல்ல. குருக்கள் ஒன்றும் சொல்லவில்லை. அர்ச்சனையை முடித்துத் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, அம்பாள் பாதத்தில் இருந்த ஒரு கட்டுப் பூவை எடுத்து அப்பா கையில் தனியாக வைத்து, "இது அவங்களுக்கு, வீட்டில படத்துக்குப் போடுங்கோ" என்றார். நான் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டேன். தாயே, நீ யார் வாயில் பேசுவாய் என்று யாருக்குத் தெரியும்.

உண்டியலுக்கு வந்து ஒவ்வொருவருடைய முடிச்சையும் அவரவரே போட்டோம். அப்பாயியுடையதைப் பிள்ளைகள் சேர்ந்து போட்டார்கள். ஒன்பதாவதை நான் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், யாருக்கென்று தெரியாததைப் பொதுவாக எல்லோருக்கும் என்று வேண்டிக்கொண்டு போட்டுவிடலாம் என்று. அப்பா கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"இது நான் முடிஞ்சது" என்றார்.

அந்தப் பச்சைக் கரை அப்பா வேட்டிக் கரை. எப்படி எனக்குத் தெரியாமல் போனது? அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு ராத்திரி, வீட்டில் யாரும் இல்லாதபோது, மஞ்சள் துணி எங்கே இருக்கும் என்று தெரியாமல் தன் வேட்டியைக் கிழித்து, சமையல்கட்டில் மஞ்சள்தூள் டப்பாவைத் தேடி எடுத்து நனைத்து முடிந்திருக்கிறார். பாட்டில் இருக்கும் இடம் மட்டும் அவருக்கு முன்பே தெரியும்.

தம்பிக்குத் தாங்கவில்லை. "அம்மாதான் போயிட்டாங்களேப்பா" என்றான்.

"காப்பாத்திக் குடுன்னு கேக்கலடா. அது முடியாதுன்னு டாக்டர் எங்கிட்ட முன்னாடியே சொல்லிட்டார். வலி இல்லாம வச்சுக்கன்னுதான் கேட்டேன்."

கடைசி மூன்று வாரம் அம்மா வலி என்று முனகவே இல்லை. என்ன வீட்டில் சமையல் என்று கேட்டாள், தம்பி மகளுக்குத் தலை பின்னிவிட்டாள், ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டாள். நாங்கள் அதை மருந்தின் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மருந்தும் அவன் கொடுத்ததுதானே, வைத்தியநாதன். அப்பா முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உண்டியலில் போட்டார், போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உண்டியல் மேல் கையை வைத்தபடியே நின்றார். யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

ஜடாயு குண்டத்தில் விபூதி எடுத்துக்கொண்டோம், மருந்துப் பிரசாதமான திருச்சாந்துருண்டை வாங்கிக்கொண்டோம், இன்னும் எந்தெந்தச் சன்னதி பார்த்தோம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தாயே, தையல்நாயகி, எங்களை இருபது வருஷம் பொறுத்துக்கொண்டாய். என் அம்மா எங்கள் ஒவ்வொருவருக்காகவும் உன்னிடம் என்னென்ன பேசினாளோ அத்தனையும் கேட்டாய். என் அப்பா ஒன்றே ஒன்று கேட்டார், அதையும் கொடுத்தாய்.

மயிலாடுதுறை தாண்டி ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தி, தம்பி மனைவி கட்டிக்கொண்டு வந்திருந்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். அம்மா பண்ணுகிற மாதிரியே நல்லெண்ணெய் மிதக்கப் பண்ணியிருந்தாள், அதைச் சொன்னதும் அவள் அழுதுவிட்டாள். மறுபடி வண்டி கிளம்பியதும் என் மகள், அவளுக்குப் பதினான்கு வயது, தாத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்து, அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் எல்லோருடைய நட்சத்திரத்தையும் எழுத ஆரம்பித்தாள். அப்பா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதின்மூன்றும் முடிந்தது. அவள் பேனாவை மூடாமல், "அம்மாச்சியோடது, தாத்தா?" என்று கேட்டாள்.

"ரோகிணி. அதையும் எழுதிக்க" என்றார்.