முக்கொம்பு மணலில் ஒரு விசில் சத்தம்

1992-ல் திருச்சி பக்கம் முக்கொம்பு அணை செக்‌ஷனுக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னதும் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "காவேரியம்மன் கூப்பிட்டுக்கிட்டாடா உன்னை" என்றாள். பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கோ முக்கொம்பு என்றால் வேலை செய்யும் இடமாகவே தோன்றவில்லை. அது ஊஞ்சலும் சறுக்கு மரமும் மீன் வறுவல் வாசனையும் உள்ள பூங்கா. ஆடிப் பதினெட்டு.

சின்ன வயதில் வருஷம் தவறாமல் போவோம். உறையூரிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்கு வந்து பாசஞ்சர் ஏறி எலமனூரில் இறங்கி நடப்போம். அம்மா, சித்தி, அத்தை மூவர் தலையிலும் தூக்குச்சட்டிகள். புளியோதரை, தேங்காய்ச்சாதம், தயிர்சாதம், வெல்லம் போட்ட காப்பரிசி. பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு சப்பரத்தட்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வருவோம். என் சப்பரத்தில் அப்பா வண்ணத்தாள் ஒட்டி, நடுவில் காவேரியம்மன் படத்தைச் சொருகியிருப்பார். மண் ரோட்டில் அதன் சக்கரம் எழுப்பும் கடகட சத்தத்துக்காகவே வேகமாக ஓடுவேன்.

ஆறு இரண்டாகப் பிரியும் இடம் அது. தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். காவிரிக் கரையில் பெண்கள் காதோலை கருகமணி, பழம், பூ வைத்துப் படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். எங்களுக்குப் பிடித்ததெல்லாம் கொள்ளிடம்தான். தண்ணீர் இல்லாத அகலமான மணல். அதன் குறுக்கே நிற்கும் கதவணையின் ஷட்டருக்குக் கீழே ஆங்காங்கே தேங்கிய தண்ணீரில் கெண்டைக் குஞ்சுகள் பளிச்சிடும்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். சப்பரத்தை இழுத்துக்கொண்டு கதவணைக்கு நேர் கீழே போய்விட்டேன். முழங்கால் அளவுதான் தண்ணீர் என்று நினைத்துக் காலை வைத்த இடத்தில் தரை இல்லை. எங்கேயோ விசில் அலறியது. அடுத்த கணம் யாரோ என் டவுசரைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்துத் தூக்கினார்கள். காக்கிச் சட்டை போட்ட ஒரு லஸ்கர், ஷட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர். மூக்குக்குள் ஏறிய தண்ணீரையும் மீறி அவர் கையில் கிரீஸ் வாசனை அடித்தது. கரைக்கு வந்ததும் முதுகில் ஒன்று வைத்தார். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா புள்ளையை அடிக்கிறீங்களே" என்று சண்டைக்குப் போனாள். அவர் பதில் பேசவில்லை. அப்பாதான் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா ஒரு இலையில் புளியோதரை வைத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி மதகு மேலேயே உட்கார்ந்து, எங்கள் பக்கம் பார்த்தபடியே சாப்பிட்டார். சப்பரம் போனது போனதுதான்.

அந்தக் குழி எப்படி வந்தது என்று வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஷட்டருக்கு அடியில் பீறிட்டு வரும் தண்ணீர், கான்கிரீட் தளம் முடியும் இடத்தில் மணலை அரித்துக் கசம் ஆக்கிவிடும். வெள்ளம் வடிந்த பிறகும் கசம் அப்படியே இருக்கும். மேலே பார்த்தால் கலங்கிய தண்ணீர், ஆழம் தெரியாது.

கொள்ளிடம் ஏன் காய்ந்து கிடக்கிறது என்பதும் அப்படித்தான் புரிந்தது. பள்ளமும் நேர்வழியும் கொள்ளிடத்தின் பக்கம். விட்டால் ஆற்றுத் தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடிக் கடலுக்குப் போய்விடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படித்தான் காவிரி மணல் மேடிட்டு, தஞ்சாவூர் வயல்கள் வாடின. 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டத் தொடங்கியது அதற்காகத்தான். பின்னாளில் அது ஷட்டர்கள் வைத்த கதவணை ஆனது. ஒரு ஷட்டர் திறந்து மூடும் வழியைக் கண் என்போம். கொள்ளிடத்தில் 55 கண், காவிரியில் 41 கண். பாசனத்துக்கு வேண்டிய தண்ணீர் காவிரியில் போகும். காவிரி தாங்காத வெள்ளம் கொள்ளிடத்துக்கு. ஆக, நாங்கள் சப்பரம் இழுத்து ஓடிய மணல் காலியிடமே இல்லை. வெள்ளம் வந்தால் அதன் முழு வழியும் அதுதான்.

முதல் வருஷம் எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஐம்பது வயது லஸ்கர் ஒருவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை சார் என்பார், பதற்றம் வந்தால் மட்டும் தம்பி என்பார். சின்ன வயதில் என்னைத் தூக்கியது அவராக இருக்குமோ என்ற ஆசையில் ஒருநாள் கதையைச் சொன்னேன். "அப்ப எனக்கு வாத்தலைப் பக்கம் வாய்க்கால்ல டூட்டி. நான் இல்ல சார்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கசத்துல எந்தக் கண்ணுக்கு நேரா விழுந்தீங்க?" என்று கேட்டார்.

அந்த வருஷ ஆடிப் பதினெட்டை என்னால் மறக்க முடியாது. மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்களிடம் வந்து சேர இரண்டு நாள் ஆகும், காய்ந்த ஆறாக இருந்தால் மூன்று நாள்கூட ஆகலாம். அதனால் தகவல் முன்கூட்டியே வந்துவிடும் என்ற தைரியத்தில் இருந்தேன். ஆனால் இடையில் பெய்த மழை யாருக்கும் சொல்லிவிட்டு வருவதில்லை. காலை பதினோரு மணிக்கு மேல் கேஜில் நீர்மட்டம் ஏறத் தொடங்கியது. காவிரியில் விடுகிற அளவை இனிக் கூட்ட முடியாது, மதியத்துக்குள் கொள்ளிடத்தில் ஆயிரம் கனஅடியாவது திறந்தாக வேண்டும். ஆயிரம் கனஅடி என்றால் விநாடிக்கு 28 ஆயிரம் லிட்டர். ஒவ்வொரு விநாடியும் இரண்டு பெரிய தண்ணீர் லாரிகளைக் கவிழ்ப்பது போல. மணலில் நூற்றுக்கணக்கில் குடும்பங்கள்.

நான் கதவணை மேலே நின்று விசில் அடித்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் என் கையைப் பிடித்து, "மேலேயிருந்து ஊதினா திருவிழா சத்தம்னு நெனைப்பாங்க. எறங்கி வாங்க" என்று மணலுக்குக் கூட்டிப்போனார். ஒவ்வொரு குடும்பமாகப் போய்ச் சொன்னோம். ஒரு அம்மா அப்போதுதான் இலை போட்டு முடித்திருந்தார். "பத்தே நிமிஷம் சார், புள்ளைங்க சாப்பிட்டுரட்டும்" என்றார். தூக்குச்சட்டி, தேங்காய்ச்சாதம், ஓரத்தில் சாய்த்து வைத்த சப்பரம். எனக்கு வாயில் வார்த்தை வரவில்லை. அண்ணன் குனிந்து சட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டார், ஒரு கையில் சப்பரத்தைத் தூக்கினார். "வாங்கம்மா, கரையில நிழல் இருக்கு, அங்க சாப்பிடலாம்" என்று நடந்தே விட்டார். சோறு போன பக்கம் குடும்பமும் போயிற்று. அதிகாரம் காட்டி நான் அரைமணி நேரம் கத்தியிருந்தாலும் நடக்காத காரியம்.

மணல் காலியானதும் ஒரு முறை நடந்து பார்த்தோம். மரத்தடியில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பினோம். அப்புறம்தான் கியரில் கை வைத்தார் அண்ணன். எடுத்த எடுப்பில் தூக்கக் கூடாது. முதலில் நாலு விரற்கடை. ஷட்டருக்கடியில் சீறல் கேட்டது. மணலில் தண்ணீர் ஆறாக வரவில்லை. ஒரு பழுப்பு விளிம்பு, சருகையும் சுள்ளியையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, நடக்கப் பழகும் குழந்தை மாதிரி நின்று நின்று வந்தது. அது தொட்ட இடத்தில் மணல் குமிழிவிட்டுப் பெருமூச்சு விட்டது. ஒரு மணி நேரம் கழித்து அந்த அம்மா இலை போட்டிருந்த இடத்தில் இடுப்பளவுக்குத் தண்ணீர் ஓடியது. என் கையெல்லாம் கிரீஸ். முகர்ந்து பார்த்தேன்.

முக்கொம்பில் நான்கு வருஷம் இருந்தேன். பிறகு எங்கெங்கோ மாற்றல். 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் கதவணையில் 6 முதல் 14 வரை ஒன்பது ஷட்டர்கள் வெள்ளத்தில் அடித்துப்போனபோது நான் வேறு மாவட்டத்தில் இருந்தேன். மறுநாள் டிவியில் அந்த இடைவெளியைப் பார்த்ததும் வீட்டில் யாரோ போய்விட்டது போல் இருந்தது. அந்தக் கண்களில் ஒவ்வொன்றின் கியருக்கும் நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அன்று மாலை அண்ணனிடமிருந்து போன் வந்தது. ரிட்டயர் ஆகிப் பல வருஷம். அழுதார். மணல் மூட்டையும் பாறையும் போட்டு அடைத்து, பிறகு 387.60 கோடி ரூபாய் மதிப்பீட்டில் புதிய கதவணை கட்டினார்கள்.

இப்போது நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். அண்ணனுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது சரியாகக் கேட்பதில்லை. மேட்டூர் நிரம்பிய செய்தி பேப்பரில் வந்தால் பேரனை விட்டு எனக்குப் போன் போடச் சொல்வார். "கொள்ளிடத்துல எவ்வளவு விடுறாங்க சார்?" என்பார். தெரிந்த அளவைச் சத்தமாகச் சொல்வேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் கேட்பார்:

"மணல்ல ஆளுங்க யாரும் இல்லையே தம்பி?"