உருளைக்கிழங்கு வேகவச்ச தண்ணிய கீழ கொட்டிடுங்க

கிட்னி பிரச்சனை இருக்கிற அப்பாவோட ரத்த ரிப்போர்ட்ல பொட்டாசியம் 5.8னு வந்ததும் வீட்ல எல்லாரும் சேர்ந்து செஞ்ச முதல் வேலை, அவர் எதெல்லாம் சாப்பிடக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட் போட்டது தான். 3.5ல இருந்து 5 வரைக்கும் நார்மல், ரொம்ப ஏறினா இதயத்துடிப்பே தாறுமாறா ஆகிடும், அதுவும் பல பேருக்கு முன்கூட்டியே ஒரு அறிகுறியும் தெரியாது, அதனால பயந்தது நியாயம் தான். ஆனா லிஸ்ட் போன போக்க பார்த்தா மனுஷன் பச்சத்தண்ணி தான் குடிக்கணும் போல (அதுக்கும் சிலருக்கு அளவு சொல்லிடுவாங்க, அது தனிக்கதை).

டயட்டீஷியன் லிஸ்ட்ட பார்த்துட்டு, எத சாப்பிடுறோம்ங்கறத விட எவ்ளோ, எப்படி சமைச்சு சாப்பிடுறோம்னு பாருங்கன்னாங்க. ஒரு வாழைப்பழத்துல 400 மில்லிகிராமுக்கு மேல பொட்டாசியம் இருக்கு, ஆப்பிள்ல அதுல பாதி கூட வராது, ஆனா ஆப்பிள் நல்லதாச்சேன்னு மூணு சாப்பிட்டா கணக்கு அங்கயே போச்சு.

உருளைக்கிழங்குக்கு ஒரு வழி இருக்கு. தோல் சீவி, சின்னச் சின்னதா நறுக்கி, நிறைய தண்ணில கொதிக்க வச்சு, அந்தத் தண்ணிய வடிச்சுக் கொட்டிட்டு புதுத் தண்ணில இன்னொரு தடவை வேகவச்சா பொட்டாசியம் பாதிக்குப் பாதி குறையும். வெறுமனே ஊறவச்சா பெருசா குறையாது, ஆவில வேகவச்சாலும் அப்படியே தான் இருக்கும். வடிச்ச தண்ணிய வீணாக்க மனசு வராம சூப்ல ஊத்திடாதீங்க, போனதெல்லாம் திரும்ப தட்டுக்கே வந்துடும். ருசி என்னவோ சப்புன்னு தான் இருக்கும், மிளகும் பூண்டும் தாராளமா போட்டா இறங்கிடும்.

எனக்கு நிஜமாவே கோவம் வர்றது லோ சோடியம் உப்பு மேல. பிரஷருக்கு நல்லதுன்னு வாங்குவோம், அதுல பலதுலயும் சோடியத்துக்குப் பதிலா சேர்க்கிறதே பொட்டாசியம் குளோரைடு தான், கிட்னி சரியா வேலை செய்யாதவங்களுக்கு வாழைப்பழத்த விட இது மோசம். பாக்கெட் சாப்பாட்டுலயும் பொட்டாசியம் பாஸ்பேட்னு பொடி எழுத்துல போட்டிருப்பான், அது காய்ல இருக்கிறத விட சுலபமா ரத்தத்துல சேர்ந்துடும்.

அப்புறம், கிட்னி பிரச்சனை இருக்கிற எல்லாருக்கும் இந்த பொட்டாசியம் குறைக்கிற டயட் தேவையில்ல. பொட்டாசியம் நார்மலா இருந்தா காய் பழத்த சும்மா குறைக்க வேணாம், சிலருக்கு அது குறைஞ்சே போயிடும், அதுவும் ஆபத்து தான். சில பிரஷர் மாத்திரையும் பொட்டாசியத்த ஏத்தும், அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. மலச்சிக்கலையும் மறக்காம சொல்லுங்க, கிட்னி வெளிய தள்ள முடியாத பொட்டாசியத்துல கொஞ்சம் குடல் வழியா தான் போகுது.