தேடினால் கிடைக்காத ஃபைல்

"அண்ணே, உங்க ஃபோல்டர்ல வெப்பி-ன்னு பேர் வச்ச டிஎல்எல் ஒண்ணும் இல்ல. அப்ப நமக்குப் பாதிப்பு இல்லதானே?"

2023 செப்டம்பரில், எங்கள் மென்பொருளைப் பயன்படுத்தும் பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றின் கணினிப் பிரிவிலிருந்து தம்பி ஒருவர் போனில் கேட்டது. டிஎல்எல் என்பது நூலகம் ஒன்றை, அதாவது பல மென்பொருள்களும் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்தொகுப்பை, தனி ஃபைலாக வைப்பது. வெப்பி (WebP) வகைப் படங்களைத் திறக்கும் லிப்வெப்பி என்ற நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை, வேண்டுமென்றே கோளாறாகச் செய்த ஒரு படத்தைத் திறந்தாலே நினைவகத்தில் எல்லை தாண்டி எழுதிவிடும். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டிருந்தன.

"இருக்கு தம்பி. எங்க எக்ஸிக்குள்ளேயே சேர்ந்திருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "அப்ப அத நாங்க எப்படிண்ணே கண்டுபிடிக்கிறது?"

எல்லா நூலகங்களையும் தனி டிஎல்எல்களாக விடாமல் ஸ்டாட்டிக்காக, அதாவது எங்கள் நிரலோடு சேர்த்தே இணைத்து, ஒரே எக்ஸியாக (நேரடியாக ஓடும் ஃபைலாக) கொடுக்கலாம் என்று சொன்னவன் நான். காரணம் இருந்தது. எங்கள் மென்பொருள் ஓடும் அந்தத் தொழிற்சாலைச் சோதனைக் கணினிகளுக்கு இணையம் கிடையாது. வேறு மென்பொருள் போட்ட டிஎல்எல்லோடு மோதல், பாதி மட்டும் காப்பியான ஃபோல்டர் என்று எத்தனையோ புகார்கள் அதோடு நின்றன. எங்கள் மென்பொருளைக் கட்டப் பயன்படுத்தும் க்யூட்டி (Qt) என்ற கட்டமைப்புக்கு வணிக உரிமம் வாங்கியிருந்ததால் உரிமச் சிக்கலும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அதையே செய்வேன்.

ஆனால் லிப்வெப்பியை நாங்கள் கேட்டு வாங்கவில்லை. க்யூட்டியின் பட வடிவச் செருகுநிரல்களோடு (ஒவ்வொரு வகைப் படத்தையும் திறக்க உதவும் துணை நிரல்களோடு) அதுவாக வந்தது. எங்கள் மென்பொருள் காட்டுவது உற்பத்தி லைனில் உள்ள கேமரா எடுக்கும் படங்களைத்தான். வெளியிலிருந்து படம் வர வழியில்லை என்று தம்பியிடம் சொன்னேன். உண்மைதான். ஆனாலும் 'ஃபைலைத் திற' என்று ஒரு பட்டன் இருக்கிறதே. இரவு ஷிஃப்டில் யார் எந்த பென்டிரைவைச் செருகுவார் என்று எனக்கென்ன தெரியும்?

டிஎல்எல்களாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் அவர் தேடியதும் செருகுநிரல் கண்ணில் பட்டிருக்கும். அந்த ஒரு ஃபைலை நீக்கியிருந்தால் வெப்பி படம் மட்டும் திறக்காது, மற்றதெல்லாம் ஓடியிருக்கும். எங்களுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓட்டை அடைக்கப்பட்ட லிப்வெப்பி 1.3.2 பதிப்போடு புது எக்ஸி கட்டிக் கொடுத்தோம், சரி. ஆனால் உற்பத்தி நடக்கும்போது சோதனைக் கணினியில் எதையும் மாற்றக் கூடாது என்பது அங்கே விதி. பராமரிப்பு நாள் வரும்வரை பழையதே ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. அதை வைத்து என் முடிவு சரி என்று சொல்லிவிட முடியுமா?

இப்போது ஒவ்வொரு பதிப்போடும் உள்ளே இருக்கும் நூலகங்களின் பட்டியலைத் தருகிறோம். தம்பி அதைப் படித்துவிட்டுத்தான் நிறுவுகிறார். உள்ளே இருப்பது தெரிகிறது, தொடத்தான் முடியவில்லை. பிரித்துவிடலாமா என்று எங்கள் அணியில் அவ்வப்போது பேச்சு எழும். வேண்டாம் என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.